இடது பக்கத்துக் காற்று

அந்த ஏரியில் பந்தயம் ஓடும் படகுகள் அத்தனையும் ஒரே வயிற்றில் பிறந்தவை. கரையோரப் பட்டறையில் ஒரே ஒரு அச்சு, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் நீளத் தொட்டி மாதிரி. அதற்குள் கண்ணாடி நார்த் துணியை விரித்து, பிசின் பூசி, உருளையால் அமுக்கி, காய்ந்ததும் தட்டி எடுத்தால் ஒரு படகு. நீளம் ஒன்று, அகலம் ஒன்று, எடையும் ஒன்று. ஏதாவது ஒன்று இளைத்துப் பிறந்துவிட்டால் உள்ளே ஈயக்கட்டியைத் திருகி, எடையைச் சரிக்கட்டித்தான் வெளியே விடுவார்கள்.

பாய்களும் அப்படித்தான். பட்டறையின் மேல்மாடியில் பாய் தைக்கும் கூடம். தகரத்தில் வெட்டிய அளவைத் துணிமேல் வைத்து ஓரத்தோடு ஓரமாக வெட்டவேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் பிரித்துத் தைக்கவேண்டும். ஆகவே தோற்றுப்போனவன் படகின்மேல் பழிபோட முடியாது, பாயின்மேலும் போட முடியாது. காற்றை வேண்டுமானால் திட்டிக்கொள்ளலாம். அதுவும் எல்லோருக்கும் அடித்த அதே காற்றுதான். மிச்சம் இருப்பது படகுக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்.

கீழே அச்சில் வேலை பார்த்தவரும் மேலே பாய் தைத்தவளும் புருஷன் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் படகை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்கும் போவார்கள். பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பது அவர். முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றைப் பிடிப்பதும், படகு சாயச் சாய எதிர்ப்பக்கம் வெளியே தொங்கி அதை நிமிர்த்துவதும் அவள். அவரை எல்லோரும் நூலு என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் பிடித்த மாதிரி ஓட்டுவார் என்பதால் வந்த பேர். "அது இல்லைய்யா காரணம், மாடியில இருந்த தையல்காரிக்கு நூல் விட்டாரே, அதுல வந்த பேரு" என்று பல் டாக்டர் சொல்வார். பல் டாக்டர் தன் மருமகனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வாரம் தவறாமல் வந்து, வாரம் தவறாமல் நூலுவிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்.

சுக்கானின் பிடி படகுக்கு நடுவில் இருக்கும். ஓரத்தில் ஏறி வெளியே சாய்ந்திருப்பவருக்கு அது எட்டாது. அதனால் பிடியின் நுனியில் நீளமாக ஒரு கோல், இரண்டையும் இணைக்க ஒரு ரப்பர் முட்டி. நம் கை முட்டி மாதிரி எந்தப் பக்கமும் மடங்கும். படகு எப்போது பார்த்தாலும் காற்றுக்குள் மூக்கை நுழைக்கத்தான் பார்க்கும். அந்த இழுப்பு சுக்கானிலிருந்து பிடிக்கு வந்து, முட்டி வழியாகக் கோலில் ஏறி உள்ளங்கையில் தட்டும். கடைத்தெருவில் குழந்தை நம் விரலைப் பிடித்து இழுக்குமே, அவ்வளவுதான் இழுப்பு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டவேண்டும். கண் பாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையைப் பார்க்க நேரம் கிடையாது.

போன மழைக்கு முன்னால் ஒரு காலையில் நூலு அச்சுக்குள் குனிந்து உருளை ஓட்டிக்கொண்டிருந்தபோது உருளை நழுவித் தரையில் விழுந்தது. கை மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். கோணிய வாய் நேராயிற்று, நடை வந்தது, வலது கையில் பலம்கூட வந்துவிட்டது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர், மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அதன்பிறகு டீ குடிக்கும்போதுகூட டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். பார்வையை எடுத்தால் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று தெரியாது. முதலாளி நல்ல மனிதர், போகச் சொல்லவில்லை. சாமான் அறையில் ஆணி, வளையம், கொக்கி பிரிக்கிற வேலை கொடுத்தார். அச்சுப் பக்கம் மட்டும் விடவில்லை. நார்களுக்கு நடுவே காற்றுக் கொப்புளம் நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையைப் பரப்பித் தடவினால்தான் தெரியும். அப்படி ஒரு கொப்புளம் காய்ந்துபோனால் அந்த இடம் பொக்கை. நடு ஏரியில் நல்ல காற்றில் ஒருநாள் பிளந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவர் விடமாட்டேன் என்றார். மழை விட்டதும் படகை இறக்கினார்கள். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் கவலையில்லை. வலது ஓரத்தில் உட்காரவேண்டும், கோல் இடது கைக்கு வரும். இடப்பக்கத்திலிருந்து வந்தால்தான் கோல் அந்த மரத்துப்போன கைக்குப் போகும். முதல் வாரம் இடக்காற்றில் படகு குடித்தவன் நடை நடந்தது. காற்றுக்குள் மூக்கை நுழைக்கும், நிற்கும், சரியும். பல் டாக்டர் தாண்டிப் போனார். வழக்கமாக ஏதாவது கத்துகிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் நூலுவால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்றுகூடச் சொல்லக்கூடாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் திரும்பும், சின்னப் பாயை இறுக்கினால் மூக்கு காற்றை விட்டு விலகும், தளர்த்தினால் காற்றுக்குள் போகும். இதெல்லாம் அவள் இடுப்புக்குத் தெரிந்த சங்கதி. படகு காற்றுக்குள் மூக்கை நுழைக்கப் பார்க்கும்போதே ஒரு சாண் வெளியே சாய்ந்து கயிற்றை ஒரு விரல் இழுப்பாள். அது அடங்கிவிடும். மூக்கு காற்றை விட்டுத் தொங்கிப்போனால் உள்ளே ஒடுங்குவாள். சுக்கானுக்கு வேலையே வைக்கவில்லை. பின்னால் அவர் கோலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் செய்கிறதைச் செய்துகொண்டிருந்தார். சில சமயம் அந்தக் கை தப்பாகத் தள்ளும். அதையும் சேர்த்து அவள் சாய்வாள்.

படகு நேராகப் போயிற்று.

"பாத்தியா? கை வந்துருச்சு" என்றார் அன்றைக்கு.

"ஆமாங்க" என்றாள்.

அதற்குப்பிறகு வாரா வாரம் அந்த "ஆமாங்க"தான். சொல்லும்போது நெஞ்சில் ஒன்றும் தைக்கவில்லை. சந்தோஷமும் இல்லை, பொய் சொன்ன உறுத்தலும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் எங்கேயோ ஒரு சுவிட்சை யாரோ அணைத்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. தைப்பாள், சமைப்பாள், துவைப்பாள். குழம்பில் உப்பு இல்லை என்று நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

நாத்தனார் அவருக்கு மூத்தவள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவள், கீழ் வீட்டில் தனியாக இருந்தாள். இன்னமும் பேசினால் கடைசி சீட்டுவரை கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் மேலே வந்தபோது, தம்பி பெண்டாட்டி வெந்நீரில் அவர் உள்ளங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன வாரம் கயிறு உருவிக்கொண்டு போனதில் தோல் உரிந்திருந்தது. அவருக்கு அது கரைக்கு வந்து பாயில் ரத்தம் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

"சுடுதா?" என்று கேட்டாள்.

"உன் விரல் செவந்திருக்கு. அப்ப சுடத்தான் செய்யும்" என்றார். யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா, விஷயம் தெரியுமா? திங்கக்கிழமையிலேருந்து மறுபடியும் அச்சு வேலைக்குப் போறேன்."

"யாருடா சொன்னது?"

"முதலாளிதான். கரையில நாற்காலி போட்டு நாலு வாரமா பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. 'இடக்காத்துல அப்படி ஓட்டுற கை சாமான் ரூம்ல ஆணி பொறுக்கலாமா? வந்துருய்யா'ன்னாரு. ஸ்கூலுக்குப் புதுசா படகு கேட்டிருக்காங்களாம். பிள்ளைங்க கத்துக்கிறதுக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. பிறகு மறுபடி துடைத்தது.

"நல்லது" என்றாள் நாத்தனார், அவளைப் பார்த்துக்கொண்டே. அவர் கட்டுப்போட்டுக்கொண்டு கீழே கடைக்குப் போனதும், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"ஏம்மா, நீயா சொல்லுறியா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்தக்கா?"

"என்னத்தவா? காலமெல்லாம் டிரைவருக்குப் பின்னாடி நின்னு வந்தவடி நான். வண்டி யார் ஓட்டுறதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் கை கிழக்கே போகுது, படகு நேரா போகுது. முன்னாடி நீ நெளியுற நெளிவைப் பாத்தா, ஒத்தை ஆளு உக்காந்துக்கிட்டே ஆடுற மாதிரி இருக்கு."

"அவரு படுத்துட்டாருக்கா. மொத வாரம். சுவத்தப் பாத்துக்கிட்டு."

"அதுக்கு?"

"எழுந்திரிச்சாரு இல்ல, மறு வாரம்."

"எழுந்திரிச்சான், சரி. இப்ப அந்தக் கை பிள்ளைங்க ஏறுற படகைத் தடவப்போகுது. தடவிட்டு நல்லாயிருக்குன்னு சொல்லும். அது எல்லாத்தையும்தான் நல்லாயிருக்குன்னு சொல்லும், பாவம். அதுக்கென்ன தெரியும்?"

"சொல்லிடறேன்க்கா."

"எப்ப?"

"நாளைக்குப் பந்தயம் முடியட்டும்."

"முடிஞ்சு?"

அவள் வெந்நீரைக் கொட்டப் போனாள். "நீயும் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவதான்" என்றாள் நாத்தனார் எழுந்துகொண்டே. "அவனுக்குக் கை. உனக்கு எதுன்னுதான் தெரியல." அவள் குரல் முதல்தடவையாகப் பக்கத்து சீட்டுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது.

ராத்திரி ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். அவர் எந்த உருளை நல்லது, எந்தப் பிசின் சீக்கிரம் இறுகுகிறது என்று பேசிக்கொண்டே இருந்தார். இரண்டுமுறை வாயைத் திறந்தாள். ஒருமுறை "இன்னொரு முட்டை வேணுமா" என்று வந்தது. இன்னொருமுறை ஒன்றுமே வரவில்லை.

காலையில் படகுக்குப் பாய்மரமும் பாயும் பூட்டுவது எப்போதும் அவள் வேலை. மரத்தை நிறுத்திக் கம்பிகளை இறுக்கினாள், பாயைக் கொக்கியில் மாட்டினாள், சுக்கானைத் தொங்கவிட்டாள், கோலைத் தூக்கி முட்டியை மடக்கிப் பார்த்தாள். ரப்பரின் அடியில் ஒரு வெடிப்பு. வெயிலில் காய்ந்த உதடு மாதிரி. மடக்கினால் வாய் திறந்தது, நிமிர்த்தினால் மூடிக்கொண்டது. மாற்று முட்டி சாமான் பெட்டியில் இருந்தது. அவரே பிரித்து வைத்தது. பெட்டியைத் திறந்தாள். முட்டியைக் கையில் எடுக்கவும் செய்தாள். சின்னக் காற்றுதான் இன்றைக்கு, கவிழ்க்கிற காற்று இல்லை என்று நினைத்தாள். அதைத் தவிர வேறு எதையும் நினைத்ததாகப் பிற்பாடு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. எடுத்ததை வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

"எல்லாம் சரியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் வந்தார்.

"ம்."

கொடி இறங்கியது. எல்லாப் படகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கோட்டைத் தாண்டின. காற்று வரும் திசையில் ஆரஞ்சு மிதவை. காற்றுக்கு நேராக எந்தப் படகாலும் போகமுடியாது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று படியேறுவது மாதிரிதான் போகவேண்டும். முதலில் வலக்காற்று. கோல் அவர் இடது கையில் இருந்தது. அவர் மனதுபோல ஓட்டினார். அவள் சொன்னபடி உட்கார்ந்து, சொன்னபடி இழுத்தாள். பல் டாக்டர் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"திருப்பட்டுமா?" என்றார்.

"திருப்புங்க."

படகு மூக்கைத் திருப்பியது. பாய் படபடத்துத் தலைக்குமேல் தாண்டியது. இருவரும் குனிந்து மறுபக்கம் ஏறினார்கள். இப்போது இடக்காற்று. கோல் வலது கைக்குப் போயிற்று. அவர் ஒருமுறை குனிந்து, விரல்கள் அதைச் சுற்றியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பாயை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் வெளியே சாய்ந்தாள். நாலு மூச்சுக்கெல்லாம் பின்னால் ஒரு சத்தம். பெரிதாக இல்லை; புளியங்கொட்டை வெடித்தமாதிரி. அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, படகு லேசாகிவிட்டது. இத்தனை வாரமாகப் பின்னாலிருந்து அந்தக் கை தப்புத்தப்பாகத் தள்ளிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. பிடி தன்பாட்டுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. சுக்கான் நாய்வால் மாதிரிப் பின்னால் வந்தது. இப்போது படகில் அவளைத் தவிர ஓட்டுகிறவர் யாரும் இல்லை.

படகு எந்நாளும் இல்லாத அளவுக்கு நேராகப் போயிற்று.

"இன்னிக்குத்தான் கை சுத்தமா வந்திருக்கு" என்றார். "தண்ணியே பேசுது பாரு."

அவள் "ஆமாங்க" சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். அவர் கோலைக் கொஞ்சம் உள்ளே இழுத்தார், கொஞ்சம் தள்ளினார். அதன் நுனி ஒன்றையும் தொடாமல் காற்றில் போய் வந்தது.

எதிரே பல் டாக்டரின் படகு குறுக்கே வந்தது. வலக்காற்றில் வருகிறவர்களுக்குத்தான் வழி, இவர்கள்தான் ஒதுங்கவேண்டும். அவள் இன்னும் வெளியே சாய்ந்து கயிற்றை இறுக்க, படகு விலகி அவர்களின் பின்புறத்தைத் தடவினாற்போலப் போயிற்று. கை நீட்டினால் தொடலாம்.

"என்ன நூலு" என்று கத்தினார் பல் டாக்டர், சிரித்துக்கொண்டே. "கையில கம்போட எங்க கிளம்பிட்ட? மாடு மேய்க்கவா?"

நூலுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

கோலின் நுனியில் கிழிந்த ரப்பர் தொங்கியது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. பிடி தனியாக நடுவில் கிடந்தது. அவர் கோலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். மிதவை, நூல் பிடித்தமாதிரி, நேரே இருந்தது. பிறகு அவள் முதுகைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?" என்றார்.

"இப்பத்தான் அறுந்துச்சு."

"அதைக் கேக்கல."

அவள் ஒரு சாண் சாய்ந்து, படகை நிமிர்த்திவிட்டுச் சொன்னாள். "ரெண்டாவது வாரத்துலேருந்து."

"எல்லா வாரமுமா?"

"இடக்காத்துல மட்டும்."

அவர் கோலை மெதுவாகப் படகின் அடியில் வைத்தார். வைத்துவிட்டோமா என்று பார்த்துக்கொண்டார். "காலையில முட்டியைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மாத்தல."

"மாத்தல. எனக்கு வாயில வரலீங்க. நேத்து ரெண்டு தடவ சொல்லப் பாத்தேன். முட்டை வேணுமான்னுதான் வந்துச்சு."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபம் வந்தால் என்ன செய்வது, வராவிட்டால் என்ன செய்வது, இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தது. அவர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். "ஆணி பொறுக்குறேன்னு."

"ம்."

"நீ சொல்லாத. அக்காவையும் சொல்லவிடாத. அவ சொன்னா கரை முழுக்கக் கேக்கும்."

"ம்."

"சரி." கொஞ்சம் இருமினார். "நான் இப்ப எங்க உக்காரணும்?"

அவளுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமாக அவர்தான் சொல்வார், முன்னாடி போ, பின்னாடி வா, வெளியே, உள்ளே என்று. "என்னங்க?"

"ஓட்டுறவ நீதானே. வெயிட்டு எங்க வேணும்னு சொல்லு."

யோசித்துப் பார்த்தாள். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடுப்பு செய்கிறதை வாயில் எடுத்து வரத் தெரியவில்லை. "சொல்லத் தெரியலீங்க. ஒட்டி உக்காருங்க. நான் சாய்ஞ்சா சாயுங்க."

அவர் நகர்ந்து வந்தார். அவர் இடது தோள், உணர்ச்சி இருக்கிற தோள், அவள் தோளில் பட்டது. அவள் வெளியே போனாள். அரை மூச்சு தாமதமாக அவரும் போனார். உள்ளே வந்தாள், வந்தார். முதலில் படகு உளறியது. பிறகு கொஞ்சம் தெளிந்தது. இரண்டு படகுகள் தாண்டிப் போயின. ஒன்றிலிருந்து யாரோ என்னவோ கேட்டார்கள். அவர் "முட்டி போச்சுய்யா" என்றார். எந்த முட்டி என்று சொல்லவில்லை.

மிதவைக்குப் போக இன்னொருமுறை திரும்பவேண்டும். இடம் வந்தது. இரண்டு பேரும் மற்றவர் கேட்கட்டும் என்று இருந்ததில் இடம் தாண்டியும் போயிற்று.

"திருப்பலாமா?" என்றாள் கடைசியில். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"திருப்பு."

பாய் தாண்டியது. வலது ஓரத்துக்கு வந்தார்கள். கோல் இல்லாததால் அவர் உள்ளே இறங்கிக் குந்தி, இடது கையால் பிடியையே நேராகப் பிடித்தார். அவள் மட்டும் வெளியே. படகு இரண்டு முழம் நேராகப் போய், வலமாக ஒடிந்து, இடமாக ஒடிந்து, தலையை ஆட்டியது.

"விடு" என்றார்.

"என்னதுங்க?"

"நெளியாத. நீயும் ஓட்டுற, நானும் ஓட்டுறேன், அது யார் பேச்சக் கேக்கும்? இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. சும்மா உக்காரு."

சும்மா உட்காருவது எப்படி என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. படகு மூக்கை அசைக்கும்போதெல்லாம் இடுப்பு தானாக எழுந்தது. அதைப் பிடித்து உட்காரவைத்தாள். மறுபடி எழுந்தது. மறுபடி உட்காரவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, பின்னால் ஒரு கை தண்ணீரோடு பேசிக்கொண்டு போவது தெரிந்தது. நல்ல கை. அவளுடைய தயவு வேண்டாத கை. அவள் வெறும் பாரமாக வெளியே தொங்கினாள், ஈயக்கட்டி மாதிரி. வானம் இருந்தது. தொங்கிய தலைமுடியில் தண்ணீர் தெறித்தது, சில்லென்று இருந்தது.

மிதவையை நெருங்கும்போது அவளுடைய தொடைகள் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. பல்லைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

"ஏங்க" என்றாள்.

"சொல்லு."

"காலு வலிக்குதுங்க."

அவர் பாயிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

அவள் முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை, கயிறு இருந்தது. "இப்பத்தாங்க தெரியுது" என்றாள்.